யாரோ பாக்குறாங்க

"உங்க போட்டோவ ஒருத்தர் திரும்பத் திரும்பப் பாக்குறாங்க. யாருன்னு தெரியணுமா?"

தாங்கள் நடத்தும் வரன் பார்க்கும் ஆப்பிலிருந்து ஆண்களின் போனுக்குப் போகவேண்டிய அறிவிப்பைப் படித்துவிட்டு, "நெசமா யாராச்சும் பாத்தாங்களாண்ணே?" என்றாள் பவதாரிணி.

"ஈ காக்கா கூடப் பாக்கல. மாசக்கணக்கா யாருமே எட்டிப் பாக்காதவனுகளாப் பொறுக்கித்தான் சர்வர் இத அனுப்பும்" என்றான் டீம் லீடர் ஜெயபாண்டி. "நெசமா ஒருத்தி பாத்தாலும் இதே வாசகந்தான், எவனுக்குத் தெரியப்போகுது? வாடிப்பட்டியிலருந்து கொட்டாம்பட்டி வரைக்கும் வாயப் பொளந்துக்கிட்டு ஓடியாருவானுக. எந்தக் கேனப்பய முதல்ல திறக்குறான்னு பாரு தாயி."

'தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா' என்று நினைத்தபடியே அனுப்பும் பட்டனைத் தட்டினாள்.

ஜெயபாண்டியின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவன், "ஒரு நிமிசம், வந்துர்றேன்" என்று அவசரமாக வெளியே போனான்.

திரும்பி வந்தபோது தலையைப் படியச் சீவியிருந்தான். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"என்ன, எவனாச்சும் மாட்டுனானா?"

பவதாரிணி திரையைப் பார்த்தாள். முதல் பெயர்: ஜெயபாண்டி, வயது நாற்பத்தொன்று, கோச்சடை.

"ஒருத்தர் மாட்டிட்டாருண்ணே" என்றாள். "தலையெல்லாம் சீவிக்கிட்டு வந்து நிக்கிறாரு."