கடுங்காப்பி

ஹீரோ படத்தையே கெடுத்துவிட்டான் என்று அவள் கணவன் சொன்னதும் மேசை சூடாகிவிட்டது.

மேட்னி முடிந்து, தியேட்டருக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் ஆறு பேர். அவளையும், உலகநாதனின் மனைவி சண்முகவடிவையும் தவிர அவள் கணவன், உலகநாதன், ஐசக், எமல்டா என மற்ற நால்வரும் ஒரே ஆபீஸ். மாதம் ஒரு சனிக்கிழமை படம், அப்புறம் வாழைக்காய் பஜ்ஜி, அப்புறம் சண்டை. வீட்டுக்காரிகளை இந்த மாதம்தான் பெரிய மனது பண்ணிக் கூட்டி வந்திருந்தார்கள்.

படத்தில், நிச்சயதார்த்தத்தன்று பையன் உடம்புக்குள் பெண்ணும் பெண் உடம்புக்குள் பையனும் போய்விடுகிறார்கள். முட்டிக்கொள்கிறார்கள். பிறகு உருகுகிறார்கள்.

இடைவேளைக்குப் பிறகு அவள் கொஞ்சம் அழக்கூடச் செய்தாள்.

"பொம்பளன்னா நெளியணுமா வே?" என்றான் அவன். "அந்தப் பொண்ணப் பாரும். கண்ணுலயே ஆம்பளையாயிட்டா."

ஹீரோ பாவம், நன்றாகத்தான் செய்திருந்தான் என்றாள் எமல்டா.

அதற்கு அவன் ஐசக்கைப் பார்த்துப் பதில் சொன்னான்.

எமல்டா போன ஆனியில் மாற்றலாகி வந்தவள். அழகி. டிக்கெட் கிழிக்கும் இடத்தில் எமல்டாவை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதை வேறு பெயர் சொல்லி ஏமாற்றிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஆனால் அவன் எமல்டாவின் பக்கம் திரும்பவே இல்லை. தியேட்டரில் எமல்டா ஒரு கோடியில் உட்கார, அவன் மறு கோடிக்கு வந்து உட்கார்ந்தான். பஜ்ஜித் தட்டை எல்லோருக்கும் நீட்டியவன், எமல்டாவைத் தாண்டிப் போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் தங்கம் என்று நினைத்துக்கொண்டாள். எரிந்த வயிறு குளிர்ந்தது. எமல்டாவிடம் புடவை எங்கே எடுத்தீர்கள் என்றுகூட விசாரித்தாள்.

காப்பி வந்தது. ஐந்து பால் காப்பி. அவளுக்கு மட்டும் கடுங்காப்பி.

பால் அவளுக்குச் சேராது. கல்யாணமானதிலிருந்து காலைக் கடுங்காப்பியைப் போட்டுக் கையில் கொடுப்பவனே அவன்தான்.

"சொன்னவரு செஞ்சு காட்டணும்," என்று ஐசக் மேசையைத் தட்டினான்.

அது அவர்கள் கூட்டத்துச் சட்டம். ஒருவர் நடிப்பைக் குறை சொன்னால், எப்படி நடித்திருக்க வேண்டும் என்று அவரே நடித்துக் காட்ட வேண்டும். தப்பிக்க முடியாது.

"ஒடம்பு ஒம்மது. உள்ள மதினி," என்றார் உலகநாதன். "ஆரம்பியும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதைச் செய்து காட்டப் போகிறானோ. சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விடுவதையா? பேச்சுக்கு நடுவே வளையலை எண்ணுவதையா? மானத்தை வாங்காமல் இருந்தால் சரி.

அவன் கண்ணை மூடித் திறந்தான்.

நெளியவில்லை. குரலை மாற்றவில்லை. தன் காப்பித் தம்ளரை மெல்ல முன்னால் இழுத்துக்கொண்டான். மோதிர விரல் நுனியால் மேலே படிந்திருந்த பாலேட்டை எடுத்தான். தம்ளரின் விளிம்பில் வழித்தான். தம்ளரைத் தூக்காமல், தலையைக் குனிந்து ஒரு வாய் உறிஞ்சினான். பிறகு புறங்கையை மூக்கில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தான்.

அத்தனை அழகு. ஒரு பெண் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது போலிருந்தது.

"மதினியேதான்!" என்று உலகநாதன் கைதட்டினார். அவளை அவர் பார்த்தே மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதனாலென்ன, தட்டினார். ஐசக் விசிலடித்தான்.

அவள் தன் தம்ளரைப் பார்த்தாள்.

கடுங்காப்பியில் ஏது ஏடு?

நிமிர்ந்தாள். எதிரே எமல்டாவின் மோதிர விரல் தம்ளருக்கு மேலே அப்படியே நின்றிருந்தது. விரல் நுனியில் ஏடு. வழிக்கவும் முடியாமல், திரும்பப் போடவும் முடியாமல்.

எமல்டா கையை மடிக்குள் இறக்கிக்கொண்டாள்.

இந்த முறை அவளுக்கு வயிறு எரியவில்லை. எரிச்சல் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. தொட்டானா, பேசினானா என்றெல்லாம் அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பெண் காப்பி குடிப்பதை இவ்வளவு பார்த்திருக்கிறான். தன்னை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருப்பானா?

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இப்ப மதினி!" என்றான் ஐசக். "ஒடம்பு ஒங்களுது. உள்ள சாரு."

எனக்கு வராது என்று சொல்லியிருக்கலாம். சண்முகவடிவுகூட, பாவம், விட்டுவிடுங்களேன் என்றாள்.

அவள் எழுந்தாள்.

பஜ்ஜித் தட்டைக் கையில் எடுத்தாள். அவனைப் போலவே தொண்டையைச் செருமினாள். கூட்டம் அதற்கே சிரித்தது.

உலகநாதனிடம் தட்டை நீட்டினாள். எடும் வே என்று கண்ணாலேயே சொன்னாள். சண்முகவடிவிடம் நீட்டினாள். ஐசக்கிடம் நீட்டி, அவன் எடுக்கப் போகும்போது பின்னால் இழுத்து, மறுபடி நீட்டினாள். கணவன் செய்கிற அதே குறும்பு.

அடுத்தது எமல்டா.

தட்டோடு அவள் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏதோ பஸ்ஸின் போர்டைப் படிப்பது போல. தட்டு எமல்டாவின் முன்னால் நிற்காமல், தலையைத் தாண்டிப் போய், மேசையின் மறுகோடியில் இறங்கியது.

"ஐயோ, சாரேதான்!" ஐசக் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். உலகநாதனுக்குப் புரை ஏறிவிட்டது. சண்முகவடிவு அவர் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள்.

இரண்டு பேர் சிரிக்கவில்லை.

அவள் உட்கார்ந்தாள். கடுங்காப்பி ஆறிப் போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தாள்.

பிறகுதான் கணவனைப் பார்த்தாள்.

அவன் அன்றைக்கு முதல் முறையாக எமல்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.