ஒரு சாண் இந்தப் பக்கம்

சிவப்புக் கம்பளி நூல் குவளைக்குள் விழாமல், மறுபடியும் ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்தது.

வீசியவள் என் மனைவி ஹெல்மி.

ஜன்னலின் பாதி உயரத்துக்குப் பனி. பிப்ரவரி இன்னும் முடியவில்லை. ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க ஏப்ரல் கடைசி சனிக்கிழமை வரை அனுமதி கிடையாது.

எங்கள் ஊரில் மற்றவர்கள் ஏரிக்குப் போய் ஐஸில் ஓட்டை போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து குளிர்காலத்தை ஓட்டிவிடுவார்கள். என் மனைவிக்கு அது மீன்பிடிப்பே இல்லை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற வேலை என்பாள்.

அதனால் வருடா வருடம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து அவளுக்குக் கிறுக்குப் பிடிக்கும். டிசம்பரில் தூண்டில் ரீல்களைக் கழற்றி எண்ணெய் போடுவாள். ஜனவரியில் மீனை ஏமாற்ற முள்ளில் முடியும் இறகும் சுற்றிப் பொய்ப் பூச்சி கட்டுவாள். அதற்காக ஒருமுறை பூனையின் வயிற்று முடியைக் கத்தரித்துவிட்டாள். இன்றுவரை அது அவள் மடிக்கு வருவதில்லை.

பிப்ரவரியில் கூடமே ஆறாகிவிடும். தூண்டில் கோலின் நுனிப் பாதியை எடுத்துக்கொள்வாள். முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு. சமையலறை வாசலில் நின்று, என் நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் இருக்கும் நீல எனாமல் குவளைக்குள் வீசுவாள். பத்துக்கு எட்டு உள்ளே விழும். மற்ற இரண்டுக்கும் பூனைக்குத் திட்டு விழும்.

இந்த வருடம் பத்துக்குப் பத்தும் வெளியே.

முக்காலி இருப்பது என் வலப்பக்கம். என் வலக்கையும் அதன்மேல்தான் கிடக்கிறது. கிடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். நவம்பரில் பக்கவாதம் வந்தது. கோணிய வாய் நேரானது, காலும் மெல்லத் திரும்பி வந்தது, கை மட்டும் வரவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்து தினமும் அழுத்தச் சொன்னாள். பத்து நாள் முயன்றேன். பிறகு பந்து சோபாவுக்கு அடியில் உருண்டு போனது. நான் தேடவில்லை.

நாற்பது வருடமாகப் படகில் துடுப்பு என்னுடையது, தூண்டில் அவளுடையது. ஒற்றைக் கையால் துடுப்புப் போட்டால் படகு செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றும். இந்த ஏப்ரலில் உன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போ என்று சொன்னேன். காதில் விழாததுபோல் பூச்சி கட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது. அவள் அம்மாவுக்கும் இந்த வயதில்தான் கண் மங்கியது. மூன்று வாரமாக நூல் விழுவது ஒரே இடம், என் விரல் நுனிக்குப் பக்கத்தில். விழுந்த பிறகும் உடனே இழுத்துக்கொள்ளாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை போலிருக்கிறது, பாவம்.

வேறு வருடமாக இருந்தால் கேலி பேசியே அவளைக் கொன்றிருப்பேன். இந்த வருடம் மயிரிழையில் தவறிவிட்டது என்று தினமும் பொய் சொல்கிறேன். என் கைதான் போய்விட்டது, அவள் வீச்சும் போய்விட்டால் இந்த வீட்டில் மிச்சம் என்ன?

இன்று பதினோரு மணிக்குக் காப்பி கொடுத்துவிட்டு மறுபடியும் வாசலில் போய் நின்றாள். கோலைப் பின்னால் தூக்கியபோது நூல் விளக்கில் சிக்கிக்கொண்டது. அவள் திரும்பி நின்று அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும் என்று, அவள் பார்க்காதபோது குவளையை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவள் வீசினாள். நூல் வழக்கமான இடத்துக்கே வந்து, குவளைக்குள் விழுந்தது.

நான் சத்தமாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோலைத் தாழ்த்திக்கொண்டு குவளையையே பார்த்தாள். நகர்த்தினாயா என்று கேட்டாள். திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டாகிவிட்டது, என்ன செய்ய. ஆமாம் என்றேன். கண் டாக்டரிடம் போகலாம், வயதானால் யாருக்கும் வருவதுதான், அழாதே என்றும் சொன்னேன். அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"என் கண்ணு கெடக்கட்டும் கெழவா. எந்தக் கையால நகத்துன?"

நான் குனிந்து பார்த்தேன். என் இடக்கையில் காப்பிக் கோப்பை இருந்தது. அவள் கொடுத்தபடியே, விளிம்புவரை, ஆவி பறந்துகொண்டு.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோலைத் தூக்கினாள். சமையலறை வாசலிலிருந்து பறந்து வந்த சிவப்பு நூல், நேராக என் இடக்கையில் இருந்த காப்பிக்குள் விழுந்தது. ஒரு சொட்டு வெளியே தெறிக்கவில்லை.

அடுத்த வீச்சு பழையபடி முக்காலியில், என் வலக்கை விரல்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. காப்பி சொட்டச் சொட்டக் கிடந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரமாக எந்த மீனுக்கு வீசிக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் ஒரு விரல் அசைந்தது. பிறகு கட்டைவிரலும் வந்து நூலின்மேல் படுத்தது.

அவள் அங்கிருந்து மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

நான் விடவில்லை.