நம்பர் தெளியும் நேரம்

குற்றாலம் சாலையில் நடந்துபோன உலகம்மாளைப் பின்னாலிருந்து இடித்த பைக் நிற்காமல் பறந்துவிட்டது. யாரோ இணையத்தில் ஏற்றிய வீடியோவைத் தென்காசி ஸ்டூடியோவில் அவள் கணவர் இசக்கிமணி உற்றுப் பார்த்தார். சாரலில் மழைக்கோட்டு மட்டுமே தெரிந்தது, நம்பர் மங்கல்.

“விடுங்கத்தான். அக்கா பொழச்சதே போதும்,” என்றான் மைத்துனன் பாண்டித்துரை.

“இப்பத்தான் ஏத்திருக்காங்க அண்ணாச்சி. சைட்டு மொதல்ல கொறஞ்ச குவாலிட்டியிலதான் காட்டும். அரைமணி நேரத்துல தெளிவா வந்துரும்,” என்றாள் கடைக்காரப் பெண் ஸ்வாதி.

“அப்ப, இருந்து பாத்துட்டே போவோம்,” என்றார் இசக்கிமணி.

“நான் டீ சொல்லிட்டு வாரேன்,” என்று பாண்டித்துரை எழுந்தான்.

நம்பர் தெளிந்தது. ஸ்வாதி பேனாவை எடுத்தாள்.

“எழுத வேண்டாம்மா,” என்றார் இசக்கிமணி.

உலகம்மாள் தன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்த பைக் அது.

டீ வரவேயில்லை.