ஆளுக்கு இரண்டு

அன்று நேப்பியன் ஆற்றங்கரையில் இருந்தவர்கள்: மீன் பிடிக்க வந்த சுதர்சன், அவனுடைய நண்பன் பிரஷாந்தன், சுதர்சனின் பக்கத்து வீட்டுத் தனேஸ்வரி அக்கா, சிறிதரன் ஆகிய நான். மொத்தம் நான்கு பேர். தூண்டில் ஒன்று. மடக்குக் கதிரை இரண்டு.

செப்டெம்பர் முதல் சனிக்கிழமை; இந்த நாட்டில் குளிர்காலம் முடிகிற நேரம். குளிர்காலம் முழுவதும் இருந்த பாஸ் மீன் பிடிக்கும் தடை அந்த வாரம்தான் நீங்கியிருந்தது. ஆளுக்கு இரண்டு மீன்; மேலே ஒன்றும் கூடாது. அது சட்டம்.

"நாலு பேர், எட்டு மீன்," என்றான் சுதர்சன்.

"பிடிக்கிற ஆளுக்குத்தானடா ரெண்டு. கதிரையில இருக்கிற ஆளுக்கு இல்லை," என்றான் பிரஷாந்தன்.

"நீ சும்மா இரு. பிளேனால வரேக்க வீட்டில எல்லாற்றை பேரிலையும் டியூட்டி ஃப்ரீ விஸ்கிப் போத்தல் வாங்கிறேல்லையோ? அது மாதிரித்தான்."

எனக்கு இது பிடிக்கவில்லை. வயதான இரண்டு பேரைத் தலைக்கணக்குக்காக ஏற்றி வந்திருக்கிறான்.

தனேஸ்வரி அக்காவின் கணவர் இறந்து பதினான்கு மாதம். அதன்பிறகு அவர் கோயில் திருவிழாவுக்கு வரவில்லை. மூன்று கல்யாண வீட்டுக்கும் வரவில்லை. "ஆருக்கும் பாரமாய் இருக்கமாட்டன்" என்று கதவைச் சாத்திவிடுவார். சுதர்சன் வாசலில் நின்று, "அன்ரி, நீங்கள் வராட்டி ரெண்டு மீன் குறையும். சனத்துக்கு எட்டு எண்டு சொல்லிப்போட்டன், மானம் போகும்" என்று கெஞ்சியதால்தான் இன்றைக்கு வந்தார்.

அதுவும் காரில் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "எட்டும் பிடிச்சு முடிஞ்சால், பிறகு என்னைக் கூப்பிடக்கூடாது."

"ஓம் அன்ரி, சத்தியமாய்."

சுதர்சனின் தூண்டிலில் இருந்தது சில்வண்டு போல ஒரு பிளாஸ்டிக் பொம்மை. எறிந்துவிட்டு மெல்ல இழுத்தால், தண்ணீருக்கு மேலே துடித்துத் துடித்து வரும். உயிர்ப் பூச்சி என்று நினைத்து மீன் கீழிருந்து பாயும்.

பாய்ந்தது. கல் விழுந்ததுபோல் தண்ணீர் எகிறியது. அக்கா கதிரையை விட்டு எழுந்தேவிட்டார்.

"இழு தம்பி, இழு!"

இழுத்தான். பொம்மை மட்டும் வந்தது.

ஒன்பது மணிக்குள் ஏழு தரம் பாய்ந்தது. நான் சத்தமாக எண்ணினேன். ஏழு தரமும் தப்பியது.

"தம்பி, நீ மீன் பிடிக்கிறியோ, அதுகளுக்கு விளையாட்டுக் காட்டுறியோ?"

"தண்ணி இன்னும் குளிர் அன்ரி. அதுகள் வடிவாய்க் கடிக்குதில்லை."

"உன்ரை கை சரியில்லை, மீனில ஏன் பழி? என்ரை மனுசன் இருந்திருந்தால் கட்டியிருக்கிற சாறத்தாலையே கோலி அள்ளியிருப்பார்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எட்டு மீனுக்கு ஐஸ் போட்ட எஸ்கிப் பெட்டி கொண்டந்தவர்," என்றான் பிரஷாந்தன். "மூண்டு மணித்தியாலமாய் ஐஸுக்குக் காவல் நிக்கிறம்."

"அங்கை, அந்த விழுந்த மரத்துக்குக் கிட்ட எறி," என்று அக்கா கை காட்டினார். "அதுக்குக் கீழதான் நிக்கும். நான் பாத்தனான்."

சுதர்சன் வேகமாக வீசப்போனான். பொம்மை முன்னால் போகாமல் பின்னால் பறந்து வந்து என் மடியில் விழுந்தது.

"அங்கிள், அசையாதேங்கோ! தூண்டில் முள்ளு ஏறிப்போடும்!" என்று பிரஷாந்தன் கத்தினான்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் பொம்மையை மெல்லப் புரட்டிப் பார்த்தேன். வயிற்றில் ஒரு வளையம். வாலில் ஒரு வளையம். முள் தொங்கவேண்டிய இடங்கள் அவை. இரண்டிலும் ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தேன். சுதர்சன் ஓடிவந்து, மற்ற இருவருக்கும் தெரியாதபடி என்னை மறைத்துக்கொண்டு நின்றான். தலையை மட்டும் மெல்ல ஆட்டினான், சொல்லவேண்டாம் என்று.

"என்ன சிறிதரன், முள்ளுக் குத்திப்போட்டுதோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை அக்கா. முள்ளு ஒண்டும் குத்தேல்லை."

"அப்ப இண்டைக்கு இனி மீன் இல்லை; வாற சனிக்கிழமையும் நான் வரவேணும் போல கிடக்கு." அலுத்துக்கொள்வதுபோல்தான் சொன்னார். ஆனால் கதிரையை அவரே மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கணக்கு உங்களிட்டைத்தானே. இன்னும் எத்தினை மீன் பாக்கி?"

கணக்கில் நான் பிழை விடுவதில்லை.

"எட்டு, அக்கா."