தள்ளிப் போட வேண்டிய கேஸ்

“கேஸ் வந்துச்சுன்னா தலை போயிடும். போட்டுத் தள்ளிடணும்.”

இதை நிறுத்தி நிதானமாகப் படித்த இன்ஸ்பெக்டர், தாளை மேஜைமேல் வைத்து விரலால் தட்டினார். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கார் உதிரிபாகக் கடைக்காரருக்குக் குப்பென்று வியர்த்தது.

கடையில் அவருக்குச் சரிபாதிக் கூட்டாளி காணாமல் போய் ஆறு நாள் ஆகிறது. மத்தியானம் கடையில் இருந்தவர் ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஐந்து நாள் அழுதுகொண்டிருந்த கூட்டாளியின் மனைவி, ஆறாவது நாள் கடையின் காமிராப் பதிவைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார். சத்தமும் பதிவாகிற காமிரா. அன்றைக்குக் கடைக்காரர் போனில் பேசியதை ஏட்டு அரை நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

“யார்கிட்டப் பேசினது இது?”

“என் மச்சான்கிட்ட சார். சம்சாரத்தோட தம்பி.”

“யாரைப் போட்டுத் தள்ளச் சொன்னீங்க?”

கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். தாளைத் தன் பக்கம் திருப்பி ஒருமுறை படித்தார். இன்னொரு முறையும் படித்தார். அப்புறம்தான் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

“சார், இது ‘போட்டுத் தள்ளிடணும்’ இல்ல. ‘தள்ளிப் போட்டுடணும்’. ஏட்டய்யா வார்த்தையை முன்னுக்குப் பின்னா எழுதிட்டாரு.”

“என் காதுக்கு ஒரு கேடும் இல்ல” என்றார் ஏட்டு.

பதிவை மறுபடி ஓடவிட்டார்கள். பக்கத்து லேத் பட்டறை இரும்பைக் கடைந்துகொண்டிருந்தது. அந்தக் கிறீச்சலுக்கு நடுவே ‘தள்ளி’யும் கேட்டது, ‘போட்டு’ம் கேட்டது. எது முந்தி, எது பிந்தி என்பது அந்தப் பட்டறைக்கே வெளிச்சம்.

“சரி, எதைத் தள்ளிப் போடணும்?”

“இன்ஜின்ல பொறி விழுற டைமிங்கை சார். மச்சான் ரேஸ் கார் வச்சிருக்கான். அதுல நைட்ரஸ் கேஸ் பாட்டில் மாட்டியிருக்கு. பட்டனை அமுக்கினா கேஸ் இன்ஜினுக்குள்ள போகும், வண்டி பறக்கும். நான் சொன்ன கேஸ் அந்த கேஸ். உங்க கேஸ் இல்ல.”

“தலை?”

“இன்ஜின் ஹெட்டுதான் சார். பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பிளக்குல பொறி விழும். சாதாரணமா அது சரி. ஆனா கேஸ் உள்ள வந்துட்டா எல்லாம் வேகமா எரியும். பொறியைக் கொஞ்சம் தள்ளிப் போடலைன்னா, மேல வர்ற பிஸ்டன் மண்டையிலயே அடி விழும். பிஸ்டன் உடையும், ஹெட் போகும்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கார் மெக்கானிக் ஆக ஆசைப்பட்டவர். அப்பாதான் காதைத் திருகி போலீஸில் சேர்த்துவிட்டார்.

“எவ்வளவு தள்ளணும்?”

“கேஸ் கூட்டிக் குடுக்கிற ஒவ்வொரு அம்பது குதிரைத் திறனுக்கும் ரெண்டு டிகிரின்னு ஒரு கணக்கு சார். கூடக்குறைய இருக்கும்.”

ஏட்டு விடவில்லை. “அடுத்த வரியைக் கேளுங்க சார். ‘சின்னப் பெட்டி பத்தாது, பெரிய பெட்டியாப் பாரு.’ ஒரு ஆளை மடக்கி வைக்கிற பெட்டி பத்தித்தான் பேசியிருக்காங்க.”

“டைமிங் கன்ட்ரோல் பெட்டி சார்” என்ற கடைக்காரர், தாளைத் திருப்பி அதன் முதுகில் படமே போட ஆரம்பித்துவிட்டார். “சின்னப் பெட்டி, கேஸ் திறந்ததும் ஒரே அளவாத் தள்ளும். இன்ஜின் மெதுவாச் சுத்தினாலும் அதே, வேகமாச் சுத்தினாலும் அதே. ஒரே மூச்சுல கேஸ் அடிக்கிற வண்டிக்கு அது போதும். மச்சான் வண்டியில கேஸ் படிப்படியா ஏறுது. அதுக்கு ஏத்தாப்புல தள்ளுற பெரிய பெட்டிதான் வேணும்.”

“நாலு பிளக்குக்கும் பொறி குடுக்கத் தனித்தனி காயிலா?”

“ஆமா சார். பெட்டி வாங்குறப்ப மொதல்ல அதைத்தான் பாக்கணும். சேராத பெட்டியை மாட்டினா வேலையே செய்யாது.”

டீ வந்தது. இன்னொரு டீயும் வந்தது. விசாரிக்கிறவர் யார், விசாரிக்கப்படுகிறவர் யார் என்று தெரியாத அளவுக்கு இரண்டு தலைகளும் அந்தப் படத்தின்மேல் கவிழ்ந்திருந்தன. ஏட்டு மட்டும் தன் கையெழுத்துக்கு வந்த கதியை நினைத்து மனம் நொந்து நின்றார்.

“ரோட்டுல கேஸ் அடிச்சு ஓட்டினா நிஜமாவே கேஸ் போட்டுடுவேன்” என்றார் இன்ஸ்பெக்டர், சிரித்துக்கொண்டே.

“ரேஸ் டிராக்குல மட்டும்தான் சார்.”

வெளியே பெஞ்சில் கூட்டாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அவரிடம் தன்மையாகவே சொன்னார். “ரெண்டு வார்த்தை இடம் மாறினதுக்கு நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டுட்டீங்கம்மா. உங்க வீட்டுக்காரரை நாங்க வேற பக்கம் தேடுறோம்.”

அந்த அம்மாள் எழுந்து, பின்னால் வந்த கடைக்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். “மன்னிச்சிடுங்கண்ணே. புத்தி கெட்டுப் போய்...” என்று அழுதார்.

“அழாதம்மா. எனக்கு மட்டும் வருத்தமில்லையா?” என்றார் கடைக்காரர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அவர் வாசல்படி இறங்கும்போது இன்ஸ்பெக்டர் பின்னாலேயே வந்து தோளில் கை போட்டார். “நாளைக்குப் பத்து மணிக்கு மச்சான் வீட்டுக்கு வர்றேன். அந்த வண்டியை ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.”

“தாராளமா வாங்க சார்.”

இரண்டு தெரு தள்ளி, யாரும் இல்லாத ஒரு மதிலோரம் நின்று கடைக்காரர் போனை எடுத்தார்.

“மச்சான், நாளைக்குப் பத்து மணிக்குள்ள நீ ஒரு கார் வாங்கணும், அப்படியே ஓட்டவும் கத்துக்கணும்.”