கிழக்குக் கூரையும் மேற்குக் கூரையும்

“என் கூரைக்கு வெயிலே மத்தியானத்துக்கு அப்புறந்தான் வருது. நானோ விடியக்காலம் நாலரைக்கு எழுந்திருக்கிறவன். எனக்கு எதுக்குங்க சோலார்?” என்றார் கெர்பன்.

சோலார் தகடு பொருத்த வந்த ஹில்டா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். நிறுவனம் அவளைத் தனியாக அனுப்பிய முதல் வேலை. முதல் வேலையே இப்படி வந்து வாய்த்திருந்தது.

ஃப்ரீஸ்லாந்தின் அந்தச் சிற்றூரில், ஒரே கூரைக்குக் கீழே முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடுகள். கிழக்குச் சரிவு, கணவரை இழந்த டெட்ஸ்கேவுக்கு. மேற்குச் சரிவு, கல்யாணமே செய்துகொள்ளாத கெர்பனுக்கு. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. எத்தனையோ வருடமாக அண்டை வீடு. ஆனால் பேச்சு மட்டும் காற்று, மழையைத் தாண்டியதில்லை. இன்றைக்குத்தான் டெட்ஸ்கேவின் சமையலறையில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

டெட்ஸ்கேவின் கதை அப்படியே தலைகீழ். அவர் கூரையில் காலையிலேயே வெயில் கொட்டுகிறது. ஆனால் சமையல், துணி துவைப்பது, இஸ்திரி எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தானாம்.

ஹில்டா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மிச்ச மின்சாரத்தைத் தெருக் கம்பிக்கு அனுப்பினால் லாபம் என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது அனுப்புகிறவரிடமே கட்டணம் கேட்கிறார்கள். வீட்டில் விளைவதை வீட்டிலேயே தீர்க்க வேண்டும். அதற்காகத்தான் தெற்கை விட்டுவிட்டுக் கிழக்கும் மேற்குமாகத் தகடு வைக்கிறார்கள், காலைக்கும் ஆச்சு மாலைக்கும் ஆச்சு என்று. இங்கேயோ கிழக்கு ஒருவரிடம், மேற்கு இன்னொருவரிடம், அதுவும் ஆள் மாறி. வெறுங்கையோடு திரும்பினால் முதலாளி இனி அவளைத் தனியாக அனுப்பவே மாட்டார்.

பேட்டரி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தாள். இடமில்லை என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

“நடுவுல ஒரு கம்பி இழுத்துட்டா? அவங்க கரண்ட்டு எனக்கு, என் கரண்ட்டு அவங்களுக்கு,” என்றார் கெர்பன்.

“ரெண்டு வீட்டுக்கு நடுவுல இழுக்க விட மாட்டாங்க. ஒரே வீடு, ஒரே மீட்டர்னாத்தான் முடியும்,” என்றாள் ஹில்டா.

டெட்ஸ்கே பிஸ்கட் டப்பாவை மறுபடி திறந்து, கெர்பனின் தட்டில் இரண்டாவது பிஸ்கட்டை வைத்தார். காபிக்கு ஒரு பிஸ்கட்தான் அந்த ஊர் வழக்கம்; இரண்டாவது சும்மா வராது.

“சுவரு ஒத்தைச் செங்கல்தான். ஒரு கதவு வெச்சுட்டா ஒரே வீடுதானே?” என்றார் டெட்ஸ்கே.

கெர்பன் பிஸ்கட்டை மென்று முடித்தார்.

“கரண்ட்டுக்காகத்தானே. வெச்சுடலாம்.”

விளையாடுகிறார்களோ என்று ஹில்டா இருவர் முகத்தையும் பார்த்தாள். தண்ணீர்க் குழாய் மாற்றுவதைப் பற்றிப் பேசுகிற முகமாகத்தான் இருந்தது.

ஊர் அலுவலகத்தில் அனுமதி கொடுத்தார்கள். சுவரை இடித்துக் கதவு வைத்தார்கள். கெர்பனின் மீட்டர் போயிற்று. ஹில்டா இரண்டு சரிவிலும் தகடுகளைப் பொருத்தினாள். காலையில் கிழக்கு கெர்பனுக்கு, மாலையில் மேற்கு டெட்ஸ்கேவுக்கு. கணக்கு கச்சிதம் என்று முதலாளியே பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை மின்சாரம் மொத்தமும் தெருக் கம்பிக்குப் போயிருந்தது. மாலை மின்சாரமும் அப்படியே. இணைப்பில் தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மணியை மூன்று முறை அடித்த பிறகுதான் கதவு திறந்தது. இரவு உடையோடு, தலைகூட வாராமல் நின்றிருந்தார் டெட்ஸ்கே.

“மெதுவாப் பேசும்மா, அவர் தூங்குறார்.”

“மணி ஒன்பதரை ஆச்சே. உடம்பு சரியில்லையா? நாலரைக்கே எழுந்திருப்பாரே?”

“இந்த மனுஷனா? பதினஞ்சு வருஷமா சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்து அவர் குறட்டையைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். பத்து மணிக்கு முன்னால அது ஒருநாளும் நின்னதில்ல.”

ஹில்டாவின் கை பையிலேயே நின்றுவிட்டது. “அப்ப, உங்க சாயங்காலச் சமையல்?”

“சாயங்காலம் எனக்கு ரொட்டியும் சீஸுந்தான். அடுப்பு மூட்டுறது மத்தியானம் மட்டுந்தான்,” என்றார் டெட்ஸ்கே. “அந்த வாசனை சுவத்தைத் தாண்டி அவருக்கும் பதினஞ்சு வருஷமாப் போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு.”