தரணி எழுதியது

"ஏனுங்க கண்ணு, வாசல்லயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க" என்றார் சாரதாமணி.

அருண்பாண்டி கம்ப்யூட்டர் பெட்டியை மார்போடு அணைத்தபடி உள்ளே போனான். நெருப்பெரிச்சல் ஊரில் அந்தச் சந்து முழுக்கப் பனியன் கம்பெனிகள். தையல் மெஷின் சத்தம் வீட்டுக்குள்ளும் கேட்டது. சுவரில் மாலை போட்ட படத்தில் தரணி சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. மூன்று மாதத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போய்விட்டவள்.

எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை முடிந்து வந்ததும் அவள் தமிழில் வலைப்பதிவு எழுதுவாளாம். இலவசமாக இடம் கொடுக்கிற தளங்களை நம்பாமல், இந்தப் பெட்டியையே சர்வராக்கித் தன் பதிவை நடத்தியிருக்கிறாள். கரண்ட் போனால் பதிவும் போகும். வந்ததும் அவளே உட்கார்ந்து சரிசெய்வாள். 2008-ல் கரண்ட் போகாத நாள் ஏது? அவள் இறந்த பிறகும் சாரதாமணி பெட்டியை அணைக்கவில்லை. ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது அது எழுந்திருக்கவில்லை.

"எம் பொண்ணு நாலு வருசமா எழுதுனது இதுலதானுங்க இருக்குது. அது மட்டும் வந்தாப் போதுங்க" என்று சொல்லி, அருண்பாண்டியின் சர்வீஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அவன் முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்தான். பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்தான். சரியாக இருந்தது. அதை நம்பிப் பெட்டியை ஃபார்மேட் செய்தான். பிறகுதான் நகலைத் திறந்தான்.

தேதிகள் இருந்தன. படங்கள் இருந்தன. தமிழ் இருந்த இடமெல்லாம் வெறும் கேள்விக்குறிகள்.

மூன்று நாள் முட்டி மோதினான். கோயம்புத்தூரில் விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டான். "நகல் எடுக்கறப்பவே எழுத்து கெட்டுப்போச்சு. ஒரிஜினல் இருந்தாத்தான் ஏதாவது பண்ண முடியும்" என்று அவர் கைவிரித்தார். அந்த ஒரிஜினலைத்தான் அவன் தன் கையாலேயே அழித்திருந்தான்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருக்கிறான்.

"இதை எங்க வைக்கட்டும்மா?"

"அந்த மேசை மேலயே வெச்சிருங்க சாமி."

ஒயரைச் செருகினான். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறைதான் உள்ளே போனது.

"சாப்புட்டீங்களா கண்ணு?"

"ஆச்சும்மா."

"முகத்தப் பாத்தா அப்படித் தெரியலீங்களே."

திரை வெளிச்சமாகியது. தரணியின் பதிவு திறந்தது. சாரதாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வரி வரியாகக் கேள்விக்குறிகள். நடுவே ஒரு முருங்கை மரத்தின் படம். அதற்குக் கீழே மறுபடியும் கேள்விக்குறிகள்.

அருண்பாண்டி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கீபோர்டில் எழுத்து தேய்ந்துபோன விசைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா... ஒண்ணு சொல்லணும். நான் வந்து..." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாரதாமணி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"எனக்கு எழுத்தெல்லாம் படிக்கத் தெரியாதுங்க கண்ணு" என்றார் மெதுவாக. "அவ எழுதுனது இங்க இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். எல்லாம் வந்துருச்சுங்களா?"

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு வரை வந்தது. அவன் விழுங்கிவிட்டான்.

"வந்துருச்சும்மா."

சொன்ன மறுகணமே உடம்பு கூசியது. இப்படியே எழுந்து போக மனசு வரவில்லை. "ஒண்ணு படிச்சுக் காட்டட்டுமாம்மா?" என்றான்.

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு தலையசைத்தார்.

அருண்பாண்டி கேள்விக்குறிகளின் மேல் விரலை வைத்து நகர்த்தினான். "இன்னைக்கு நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கினா, அம்மா குடையோட நிக்கிறாங்க. ஒத்தக் குடைதான். என்னை நனைய விடாம, அவங்க பாதி நனைஞ்சுக்கிட்டே வந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் எனக்குத்தான் முதல்ல தலை துவட்டி விட்டாங்க."

அது அவனுடைய அம்மா. கோவில்பட்டிப் பக்கம் அவன் ஊர் பஸ் ஸ்டாப்பில் பெய்த மழை. வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

சாரதாமணியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

"நல்லா இருக்குதுங்க" என்றார். "போதும் கண்ணு."

காபி கொடுத்தார். குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். வாசல்வரை வந்து, "மனசுல எதையும் வெச்சுக்காதீங்க சாமி. ஊட்டுக்குப் போயி நல்லாத் தூங்குங்க" என்றார்.

மூன்று நாள் தூக்கமின்மை முகத்தில் தெரிகிறது போல என்று நினைத்துக்கொண்டு அவன் தெருவில் இறங்கினான்.

பக்கத்து வீட்டு அங்கமுத்து வழிமறித்தார். "ஏனுங்க தம்பி, டீச்சரம்மா ஊட்டுப் பொட்டி ரெடியாயிருச்சுங்களா?"

"எந்த டீச்சரம்மா?"

"நம்ம சாரதாமணி டீச்சருங்க. முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல தமிழ் நடத்துனவங்க. தரணிப் புள்ள எழுதுனதையெல்லாம் பக்கத்துலயே உக்காந்து, ஒத்தை எழுத்து உடாமப் படிச்சுப் பிழை திருத்துனதே அவங்கதானுங்க!"